ஜெஃப்ரி பாவா

பாவா, ஜெஃப்ரி (23 ஜூலை 1919 – 27 மே 2003): இலங்கைக் கட்டடக் கலைஞர். கொழும்பின் முற்றத்து வீடுகள், தென்மேற்குக் கடற்கரை ஓட்டல்கள், கோட்டே நாடாளுமன்றம், மாத்தறை ருகுணு பல்கலைக்கழகம், கந்தளமை ஓட்டல் ஆகியவற்றை வடிவமைத்தவர். 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே தோட்டம் போடத் தொடங்கிவிட்டார். அவருடைய கட்டடங்களைப் படிப்பவர்கள் இந்த முன்பின்னை மறக்கக் கூடாது.

பிறந்தது கொழும்பில், வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில். தந்தை பெஞ்சமின் பாவாவின் தகப்பனார் முஸ்லிம், தாய் ஆங்கிலேயப் பெண். பாவா என்ற பெயர் அந்தப் பாட்டனார் வழியில் வந்தது. தாய் பெர்த்தா பறங்கியர் குடும்பத்துப் பெண். நாலு வயதில் தந்தையை இழந்தார். பத்து வயது மூத்த அண்ணன் பெவிஸ் பின்னாளில் அளுத்கமை அருகே 'பிரீஃப்' என்ற தோட்டத்தை உருவாக்கிப் பெயர் பெற்றவர். தம்பி கொழும்பு ராயல் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் லண்டனில் சட்டமும் படித்தார். போர் முடிந்து ஊர் திரும்பி, சில காலம் வழக்கறிஞராக வேலை பார்த்தார். அந்தத் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை.

தாய் இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பினார். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடும் எண்ணம்கூட இருந்தது. அது கைகூடவில்லை. 1948இல் இலங்கை திரும்பியவர், பெந்தோட்டைக்குப் பக்கத்தில் தெத்துவ ஏரியை ஒட்டி, கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்கை. சிங்களத்தில் உப்பு ஆறு என்று பொருள். இத்தாலியத் தோட்டம் ஒன்றை இலங்கை மண்ணில் போட நினைத்தவருக்கு, ஆசைக்கு ஈடான தொழிலறிவு தன்னிடம் இல்லை என்பது சீக்கிரமே விளங்கியது. 1951இல் கொழும்பின் 'எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்' நிறுவனத்தில் எச். எச். ரீடிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரீட் இறந்துவிட, பாவா மறுபடி லண்டன் போய் ஏ.ஏ. (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) கட்டடக் கலைப் பள்ளியில் படித்து 1957இல் தகுதி பெற்றார். தன்னைவிட பத்துப் பதினைந்து வயது இளையவர்களோடு உட்கார்ந்து படித்த படிப்பு அது.

லுணுகங்கையில் அவர் செய்த வேலைகளைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. வீட்டின் தென்புறத் திண்ணையில் உட்கார்ந்தால், புல்வெளி மெல்ல ஏறி 'கறுவாக் குன்று' என்ற மேட்டில் முடிகிறது. மேட்டில் ஒரு கிழட்டு மகிழமரம், அதன் நிழலில் ஒரு பெரிய சீனச் சாடி. பார்வை சாடியில் இடறி, அதைத் தாண்டி ஏரிக்குப் போய், அக்கரையில் கட்டகுலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்தில் போய் நிற்கும். இந்தக் காட்சி தானாக அமைந்ததல்ல. ஏரியும் தாதுகோபமும் தெரிவதற்காகக் குன்றின் உச்சியையே வெட்டித் தாழ்த்தினார்கள். நடுவே குறுக்கிடும் ஊர்ச்சாலை கண்ணில் படாதபடி பள்ளத்துக்குள் மறைந்தது. ஈழத்தலரி மரங்களின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வேண்டிய பக்கம் வளைய வைத்தார். ஐம்பது ஆண்டுகள் இந்த வேலை ஓயவில்லை. கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கும் பொருளாக அவர் கருதியது குறைவு. உள்ளேயிருந்து வெளியே பார்ப்பவனுக்கு என்ன தெரிகிறது, நடக்க நடக்க என்ன மறைகிறது, எது திடீரென்று திறக்கிறது என்பதில்தான் அவர் கவனம் இருந்தது. அவருடைய ஓட்டல்களை ஒரே படத்தில் பிடிக்க முடியாமல் புகைப்படக்காரர்கள் திண்டாடுவது இதனால்தான்.

1958இல் பழைய நிறுவனத்தில் பங்குதாரரானார். அப்போது இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. அறுபதுகளில் கண்ணாடி, எஃகு, நல்ல பொருத்துகருவிகள் எல்லாமே இறக்குமதிக் கட்டுப்பாட்டில் சிக்கின. லண்டனில் கற்ற வெள்ளைப் பெட்டி வடிவக் கட்டடமோ ஈரத்தில் பாசி பிடித்துக் கறுத்தது. டென்மார்க்கிலிருந்து வந்து சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னரும் அவரும் உள்ளூர்க் கல், செங்கல், மரம், ஓடு என்று திரும்பினார்கள். அவர்கள் பரவலாக்கிய ஓர் எளிய உத்தி இன்றும் அந்தத் தீவு முழுக்கத் தெரியும். நெளிவுள்ள ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகட்டின் பள்ளங்களில் அரைவட்ட நாட்டு ஓடுகளைப் படுக்கவைப்பது. தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காற்று வீட்டுக்குள் சூட்டை விடாது. ஒழுகாத ஓட்டுக் கூரை என்பது அதுவரை பலருக்குக் கனவுதான்.

பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீடு (1960–62) அந்தக் காலத்தின் முக்கியமான படைப்பு. நெருக்கமான நகர மனை. தெருவுக்குச் சுவரைக் காட்டிவிட்டு, உள்ளே பெரிய நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள், தாழ்வாரங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை என்ன என்று தோன்றலாம். பங்களா மோகத்தில் அந்தத் தலைமுறை முற்றத்தை மறந்திருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்ததுதான் புதுமை. 'வெப்பமண்டல நவீனத்தின் தந்தை' என்று பாவாவை அழைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உள்ளூர்க் கைவினையையும் நவீன வடிவத்தையும் இணைத்துக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கண்டியில் வீடு கட்டியது, பாவா தகுதி பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே.

பாவா தனியாள் அல்லர். எனா டி சில்வாவின் பத்திக், பார்பரா சன்சோனியின் கைத்தறி, லக்கி சேனாநாயக்கவின் ஓவியமும் சிற்பமும் இல்லாமல் பெந்தோட்டை பீச் ஓட்டலை (1969) நினைத்துப் பார்க்க முடியாது. பிளெஸ்னர் 1967இல் விலகியபின் பங்குதாரராக வந்தவர் தமிழ்ப் பொறியாளர் டாக்டர் க. பூலோகசுந்தரம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிறுவனத்தின் கணக்கும் நிர்வாகமும் கட்டுமானமும் அவர் தோளில். பாவா களத்தில் நின்று கைத்தடியால் சுட்டிக்காட்டிய கற்பனை, இடிந்து விழாத கட்டடமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பாவாவைப் பற்றிய பேச்சில் இந்தப் பெயர் அடிபடுவது அபூர்வம்.

எழுபதுகளில் மதுரையில் ஒரு கிளப்பும், சென்னை கன்னிமரா ஓட்டலின் மறுசீரமைப்பும் அவர் கைக்கு வந்தன. கொழும்பு பேரை ஏரியில் மிதப்பதுபோல் நிற்கும் சீமா மாளிகை (1976–78) என்ற பௌத்தத் தலத்துக்குப் பணம் கொடுத்தது, மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தம்பதி.

1979இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன புதிய நாடாளுமன்றத்தை ஒப்படைத்தார். கோட்டேயில் தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவு எழுப்பி, அதன்மேல் செப்புக் கூரை வேய்ந்த மண்டபங்களை அடுக்கினார் பாவா. ஜப்பானிய நிறுவனத்தின் கட்டுமானத்தில், 1982 ஏப்ரலில் திறந்தாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் நீரின்மேல் கூரைகள் மட்டும். அதிகாரத்தின் மிடுக்கை இவ்வளவு அடக்கிக் காட்டிய நாடாளுமன்றங்கள் குறைவு. ஆனால் உள்ளே நடப்பதைக் கூரை தீர்மானிப்பதில்லை. திறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத 1983 ஆகஸ்டில் அங்கே அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. பிரிவினையைக் கைவிடும் உறுதிமொழியை ஏற்க மறுத்து, எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம் உள்ளிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர்.

எண்பதுகளின் இறுதியில் நிறுவனத்தை விட்டு, வீட்டிலேயே இளைஞர்கள் சிலருடன் வேலை செய்தார். நாலு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைத்த, வெளிச்சக் கிணறுகளும் நடைவழிகளுமான வீடு அது. முகப்பில் அவருடைய 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் நிற்கும். அங்கே உருவானதுதான் தம்புள்ளை அருகே கந்தளமை ஓட்டல் (1994). சிகிரியாவின் அடிவாரத்தில் கட்ட விரும்பியவர்களை மறுத்து, சிகிரியா தொலைவில் தெரியும் குளக்கரைப் பாறைமுகட்டைத் தேர்ந்தார். பழைய குளம் மாசுபடும் என்று பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். கூரையால் பேர் வாங்கியவர் இங்கே கூரையையே விட்டுவிட்டார்: தட்டையான தளங்களில் செடி, முகப்பு முழுக்கக் கொடி. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டடத்தைக் காடு மூடிக்கொண்டது. நடைவழியின் ஒரு பக்கம் பாறை வெறும் பாறையாகவே நிற்கிறது.

1998இல் பக்கவாதம் தாக்கி, பேச்சும் நடமாட்டமும் போயின. 2001இல் ஆகா கான் விருதுக் குழு தலைவர் விருது அளித்தது. இறந்தபின் அவர் அஸ்தி கறுவாக் குன்றில் சேர்ந்தது.

எனா டி சில்வா வீடு இருந்த மனை பின்னர் கை மாறியது. 2009இல் தொடங்கி கற்களுக்கும் மரங்களுக்கும் எண் போட்டு, வீட்டைக் கழற்றி லுணுகங்கைக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் மறுபடி எழுந்து நின்றது. கொழும்பு மனையின் இரைச்சலுக்கு எதிராகக் கட்டிய அந்த உயரச் சுவர்கள், இப்போது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தோட்டத்தின் ஓரத்தில் அப்படியே நிற்கின்றன.