மூன்று டைப்பிஸ்டுகளும் ஒரு மெஷினும்

கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜ்மென்ட் அசையவில்லை.

இடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் மர்ரே ஹில். பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடம். கேட்டவர்கள் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி கோஷ்டி. அதுவரை அவர்கள் மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள். பணமும் காலமும் போய்க்கொண்டே இருந்ததே தவிர உருப்படியாக ஒன்றும் கைக்கு வரவில்லை. 1969இல் பெல் லேப்ஸ் அதிலிருந்து கழன்றுகொண்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? ஆபரேட்டிங் சிஸ்டம் என்றாலே பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

1970இல் மனுவை மாற்றி எழுதினார்கள். இந்தத் தடவை கேட்டது சுமார் 65,000 டாலர்தான். முன்பு கேட்டதில் பத்தில் ஒரு பங்கு. அதைவிட முக்கியம், காரணமும் வேறு. டாக்குமென்ட்டுகளை டைப் அடிக்க, திருத்த, ஒழுங்காக வடிவமைத்து அச்சடிக்க ஒரு வசதி செய்து தருகிறோம், அதற்கு ஒரு பிடிபி-11 மெஷின் வேண்டும் என்றார்கள். யோசனை ஜோ ஒஸானாவுடையது. முதலில் இதற்கும் உதட்டைப் பிதுக்கினார்கள். லீ மக்மஹன் என்ற சக விஞ்ஞானி அலைந்து திரிந்து பணத்தைப் புரட்டினார். மே மாதம் ஆர்டர் போனது.

பொய் சொல்லி வாங்கினார்களா? பாதிப் பொய் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் மனத்தில் இருந்தது யுனிக்ஸ். மனுவில் இருந்தது டைப் அடிக்கிற வேலை. ஆனால், சொன்ன வேலையையும் செய்து கொடுத்தார்கள்!

1971இன் இரண்டாவது பாதியில் பேடன்ட் டிபார்ட்மென்ட்டைச் சேர்ந்த மூன்று டைப்பிஸ்டுகள் அந்த மெஷினில் உட்கார்ந்து நாள் முழுக்க பேடன்ட் விண்ணப்பங்களை அடித்துத் தள்ளினார்கள். விண்ணப்பத்தில் வரிகளுக்கு எண் போட்டாக வேண்டும் என்பது சட்டம். அதையும் மெஷினே போட்டது. டிஸ்க் அரை மெகாபைட்தான். ஒரு சாதாரண செல்போன் போட்டோகூட அதில் அடங்காது. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அடித்ததை எல்லாம் டேப்பில் ஏற்றி இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதே மெஷினில், அதே நேரத்தில், தாம்ப்ஸனும் ரிட்சியும் தங்கள் புரோகிராம்களையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தப்பான புரோகிராம் ஓடினால் மொத்த மெஷினும் படுத்துவிடும், டைப்பிஸ்டுகளின் வேலையோடு சேர்த்து.

பிழைத்தார்கள். பேடன்ட் டிபார்ட்மென்ட் யுனிக்ஸை ஏற்றுக்கொண்டது. அடுத்த, பெரிய மெஷின் வாங்குவதற்கு அந்த நல்ல பெயர்தான் உதவியது. இன்றைக்கு ஆண்ட்ராய்டு போன்கள், ஆப்பிள் போன்கள், உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவை எல்லாம் யுனிக்ஸ் வம்சத்தில் வந்தவை, அல்லது அதைப் பார்த்துப் பழகியவை. அந்த வம்சத்துக்கு முதல் சோறு போட்டது பேப்பர் வேலை.

அந்த டைப்பிஸ்டுகள் பயன்படுத்திய புரோகிராமின் பெயர் ராஃப். அதன் சூட்சுமம் ரொம்ப எளிது. சாதாரணமாக விஷயத்தை டைப் அடித்துக்கொண்டே போக வேண்டியது. இடையிடையே புள்ளியில் ஆரம்பிக்கும் வரிகளில் கட்டளைகள்: இங்கே இடம் விடு, இங்கே தலைப்பை நடுவில் போடு. ராஃபை ஓட்டினால் அழகான பக்கம் வெளியே வரும். அதாவது, பேப்பர் அசல் இல்லை, நகல். அசல் மெஷினுக்குள் இருக்கும் ஃபைல். ஒரு வரி மாறினால் ஃபைலில் அந்த ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினால் போதும். புதுப் பேப்பர் தயார்.

இதே ராஃபை வைத்துத்தான் 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்ட யுனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பை தாம்ப்ஸனும் ரிட்சியும் கொண்டுவந்தார்கள். கையேடு எழுதியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்களுடைய மேனேஜர், டக் மக்கில்ராய். ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம். பெயர், உபயோகிக்கும் முறை, விளக்கம். கடைசியில் இரண்டு வினோதமான தலைப்புகள். ஒன்று, 'பிழைகள்'. இந்தப் புரோகிராமில் இன்ன இன்ன கோளாறு இருக்கிறது என்று எழுதியவரே ஒப்புக்கொள்ளும் இடம். இன்னொன்று, 'உரிமையாளர்'. தகராறு வந்தால் யார் சட்டையைப் பிடிக்கலாம் என்பதற்கு இரண்டு மூன்று எழுத்தில் ஒரு பெயர். நம்ம ஊரில் எந்த மிக்ஸி கம்பெனியாவது தன் புத்தகத்தில் 'பிழைகள்' என்று ஒரு பக்கம் ஒதுக்குமா?

மிக்ஸி என்றதும் ஒரு விஷயம். மிக்ஸியோடு வரும் புத்தகத்தை ஒரு தடவை சரியாக எழுதிவிட்டால் முடிந்தது. வாங்கிய மிக்ஸி ராத்திரியோடு ராத்திரியாக மாறப் போவதில்லை. சாஃப்ட்வேர் மாறும். வாரத்துக்கு நாலு தடவை மாறும். நேற்றுவரை இரண்டு விவரம் கேட்ட புரோகிராம் இன்றைக்கு மூன்று கேட்கும். மாற்றியவர் புரோகிராமைத்தான் திருத்துவார். கையேடு? 'அப்புறம் பார்த்துக்கலாம்.'

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். கம்பெனியின் கேஷ் புக் ஒரு கணக்கு சொல்லும். பாங்க் பாஸ்புக் இன்னொன்று சொல்லும். ஒரே பணம்தான், எழுதும் கை இரண்டு, அதனால் வித்தியாசம் வந்தே தீரும். அதற்காகத்தான் மாதா மாதம் ரீகன்சிலியேஷன் என்று உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டு டிக் அடிக்கிறோம். சாஃப்ட்வேரில் கேஷ் புக் என்பது கோட், பாஸ்புக் என்பது டாக்குமென்டேஷன். அங்கே டிக் அடிக்க ஆளே கிடையாது. அதைவிட மோசம், கையேடே இல்லாவிட்டால் மனிதன் உஷாராக இருப்பான். தப்பான கையேடு இருந்தால் நம்பித் தொலைப்பான். நடுராத்திரியில் சர்வர் படுத்துக்கொண்டபோது, இரண்டு வருடப் பழசான பக்கத்தைப் பார்த்துக் கட்டளை அடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, ஒப்பிடும் வேலையை மெஷினிடமே கொடுத்தால் என்ன?

அதற்கு முதல் செங்கல், டாக்குமென்ட்டைப் பற்றி யோசிக்காத ஒருவர் வைத்தது. 1976, அதே பெல் லேப்ஸ். ஸ்டீவ் ஜான்சன் என்ற புரோகிராமர் ஒருநாள் திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் அறைக்குள் வந்தார். ஒரு கோளாறைத் தேடி காலை முழுக்க வீணாய்ப்போனதாம். உண்மையில் கோளாறை ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய ஃபைலை கம்பைல் செய்யத்தான் மறந்துபோனார். ஓடிக்கொண்டிருந்தது பழசு! ஃபெல்ட்மேனுக்கும் அதே அவஸ்தை உண்டு. வார இறுதியில் உட்கார்ந்து 'மேக்' என்றொரு கருவியை எழுதினார். எது எதிலிருந்து பிறக்கிறது என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் போதும். அசலின் தேதியையும் நகலின் தேதியையும் மேக் ஒப்பிட்டுப் பார்க்கும். அசல் புதிதாக இருந்தால் நகலை மறுபடி உண்டாக்கும்.

(அந்தப் பட்டியலில் கட்டளை வரிகள் டேப் விசையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு விதி. டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் தட்டினால் வேலை செய்யாது. கண்ணுக்கும் தெரியாது. இது சனியன் என்று ஃபெல்ட்மேனுக்கு சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனால், அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உபயோகிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பேருக்காக ஐம்பது வருடமாக உலகம் அவதிப்படுகிறது.)

நகல் என்பது புரோகிராமாகத்தான் இருக்க வேண்டும் என்று மேக்குக்கு ஒன்றும் கட்டாயமில்லை. பேப்பராகவும் இருக்கலாம். கையேட்டின் ஃபைல் மாறினால் அச்சுக்குப் போகும் பக்கமும் தானாக மாறும். ஆனாலும் கேஷ் புக் வேறு, பாஸ்புக் வேறுதான்.

இரண்டையும் ஒரே புத்தகமாக்கிவிட்டால்? இப்படிக் கேட்டவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் நூத். 1977இல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைப் பார்த்து நொந்துபோய், அச்சுக் கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்த பிடிவாதக்காரர். அதுதான் டெக். புரோகிராம் என்பது மெஷினுக்கு இடும் கட்டளை அல்ல, இன்னொரு மனிதருக்குச் சொல்லும் விளக்கம் என்பது அவர் கட்சி. 1984இல் அதற்கு 'லிட்டரேட் புரோகிராமிங்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். ஒரே ஃபைலில் விளக்கமும் கோடும் கலந்து கிடக்கும். அதை ஒரு கருவியில் போட்டால் ஓடும் புரோகிராம் வரும், இன்னொன்றில் போட்டால் படிக்கும் புத்தகம் வரும். டெக்கையே அப்படி எழுதிப் புத்தகமாகவும் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பின்பற்றியவர்கள் ரொம்பக் குறைவு. நல்ல புரோகிராமும் எழுத வேண்டும், நல்ல உரைநடையும் எழுத வேண்டும் என்றால் எத்தனை பேர் தேறுவார்கள்?

பாதி வழி போனது ஜாவா. 1996இல் சன் நிறுவனம் அதை வெளியிட்டபோது கூடவே ஜாவாடாக் வந்தது. கோடுக்கு மேலேயே ஒரு குறிப்பு எழுதினால் கருவி அதைப் பொறுக்கியெடுத்து வெப் பக்கமாக்கும். 1997இல் டாக்ஸிஜன் மற்ற மொழிகளுக்கும் இதைச் செய்தது. நல்லதுதான். ஆனால் சோம்பேறித்தனத்துக்கும் சிவப்புக் கம்பளம் விரித்தது. 'பெயரை மாற்று' என்ற கட்டளைக்குக் கீழே 'இது பெயரை மாற்றும்' என்று எழுதி ஆயிரம் பக்கம் பளபளப்பாக வெளியிடலாம். அதைப் படித்து யாருக்கு என்ன லாபம்?

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பெரிய திருப்பம் பைத்தான் ஆட்களிடம் நடந்தது.

பைத்தான் மொழியின் கையேடு ஆரம்பத்திலிருந்தே லாடெக்கில் இருந்தது. நூத்தின் டெக்குக்கு மேல் கட்டிய இன்னொரு மாடி அது. பேப்பரில் அச்சடித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் இன்டர்நெட் வந்த பிறகு யார் அச்சடிக்கிறார்கள்? எல்லோருக்கும் வெப் பக்கம் வேண்டும். லாடெக்கை வெப் பக்கமாக மாற்றுவது பேஜார் பிடித்த வேலை. கையேட்டின் எடிட்டர் ஃபிரெட் டிரேக் அந்த மாற்றும் கருவியைக் கட்டி மேய்ப்பதிலேயே வருடக்கணக்காக நேரத்தைச் செலவழித்தார். வேறு வடிவத்துக்குப் போய்விடலாம் என்று அவ்வப்போது யாராவது யோசனை சொல்வார்கள். இருக்கிற அத்தனை பக்கத்தையும் மாற்றுவது யார் என்றதும் காணாமல் போய்விடுவார்கள்.

கியோர்க் பிராண்டல் காணாமல் போகவில்லை. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எளிய எழுத்து முறைக்கு மொத்தக் கையேட்டையும் மாற்றினார். மின்னஞ்சலில் நாம் தலைப்புக்கு அடியில் கோடு போடுகிறோமே, கிட்டத்தட்ட அப்படி. அதைப் படித்து வெப் பக்கம், பிடிஎஃப் எல்லாம் உண்டாக்க ஒரு கருவி எழுதினார். 2008 மார்ச்சில் வெளியான அதன் பெயர் ஸ்ஃபிங்ஸ். அதே வருடம் வந்த பைத்தான் 2.6இன் கையேடு அதில்தான் தயாரானது. இதனால் என்ன ஆச்சு? எழுத்துப்பிழை கண்டவர், வாக்கியம் புரியாதவர், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். லாடெக் மந்திரம் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறை. கருவியை ஓட்ட யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஓட்டி, வந்த பக்கங்களை சர்வரில் ஏற்ற வேண்டும். சின்னக் குழுக்களில் இதைச் செய்பவர் லீவு போட்டால் உலகமே பழைய கையேட்டைப் படிக்கும்.

2010இல் ஜாங்கோ டேஷ் என்று ஒரு போட்டி. 48 மணி நேரத்துக்குள் ஒரு வெப்சைட் கட்டி முடிக்க வேண்டும். எரிக் ஹோல்ஷர், சார்லஸ் லைஃபர், பாபி கிரேஸ் ஆகிய மூன்று பேர் சேர்ந்து இந்தக் குறைக்கு வைத்தியம் பார்த்தார்கள். 'ரீட் த டாக்ஸ்' பிறந்தது. வேலை செய்யும் விதம் இதுதான். புரோகிராமர் தன் திருத்தத்தைப் பொதுக் கிடங்குக்கு அனுப்புகிறார். கிடங்கு உடனே ரீட் த டாக்ஸின் கதவைத் தட்டுகிறது. அது புது ஃபைல்களை இழுத்துக்கொண்டு, ஸ்ஃபிங்ஸை ஓட்டி, பக்கங்களை வெளியிட்டுவிடுகிறது. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய பதிப்பு உபயோகிப்பவருக்குப் பழைய கையேடும் பக்கத்திலேயே இருக்கும். திறந்த மூல மென்பொருள்களுக்கு இது இலவசம். 2016இல் லினக்ஸ் கெர்னலே தன் கையேட்டை ஸ்ஃபிங்ஸ் பக்கம் நகர்த்த ஆரம்பித்தது.

வாக்கியம் உண்மையா என்று மெஷினுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் சிலதைப் பிடிக்கும். பைத்தானில் 2001இலிருந்து டாக்டெஸ்ட் என்றொரு கருவி சேர்ந்தே வருகிறது. டிம் பீட்டர்ஸ் எழுதியது. கையேட்டில் 'இதை அடித்தால் விடை 7 வரும்' என்று இருந்தால், அதை நிஜமாகவே அடித்துப் பார்க்கும். 8 வந்தால் கூச்சல் போடும். ரீகன்சிலியேஷன்! ஸ்ஃபிங்ஸிலும் ஒரு கண்டிப்பான ஏற்பாடு உண்டு. சின்ன எச்சரிக்கை வந்தாலும் தோல்வி என்று எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்தச் சொல்லலாம். இல்லாத பக்கத்துக்குக் கைகாட்டினால் நிற்கும். பெயர் மாறிப்போன கட்டளையின் விளக்கத்தை இழுத்து வரச் சொன்னால் நிற்கும். பல குழுக்களில் கையேடு இப்படி நின்றுபோனால் அந்தத் திருத்தத்தையே உள்ளே சேர்க்க மாட்டார்கள், புரோகிராம் எத்தனை அருமையாக ஓடினாலும் சரி.

1971 கையேட்டிலிருந்த 'உரிமையாளர்' தலைப்பு பின்னால் வந்த பதிப்புகளில் மறைந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு மெயில் வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்குத் திருத்தத்தை அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடப் போகும்போது வரும். பில்ட் தோல்வி, இந்த ஃபைல், இந்த வரி என்று இருக்கும். முகவரியில் வேறு யார் பெயரும் இருக்காது. கடைசியாகக் கை வைத்தவர் பெயர்தான்.