வெடியோசையும் ஊர்க்கட்டுப்பாடும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தீபாவளி விடியலில் வெடியோசை கேட்டு எழும் நமக்கு, வெடி கொளுத்தாத தீபாவளி வியப்பாகவே தோன்றும். ஆயினும் தமிழ்நாட்டிலே, சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாக அவ்வாறே தீபாவளி கொண்டாடி வருகின்றனர்.

அவ்வூர்க் கண்மாய்களுக்கு (நாம் குளமென்பதை அவர்கள் கண்மாய் என்பர்) மாரிக்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் வந்து, மரங்களிற் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தீபாவளியும் அக்காலத்திலேயே வருகின்றது. வெடியதிர்ந்தாற் பறவைகள் கலைந்துவிடுமென்று அஞ்சிய ஊரார் தமக்குத்தாமே தடை விதித்துக்கொண்டனர். கலியாணத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும்கூட அங்கு வெடியில்லை. சிறுவர்களின் ஆசையை அடக்குவது இலேசான காரியமா? 1977ஆம் ஆண்டில் அரசு அவ்விடத்தைப் பறவைகள் சரணாலயமாக்கியது.

நாடு முழுவதற்குமான கட்டுப்பாடு பின்னரே வந்தது. 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடி கூடாதென்றது. 2018 ஒக்டோபரில், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மாத்திரமே கொளுத்தலாமெனத் தீர்த்தது. தமிழருக்கோ தீபாவளி விடியற்கால எண்ணெய் முழுக்கோடு தொடங்குவது. வடநாட்டவரின் இரவு நேரம் நமக்கு எங்ஙனம் பொருந்தும்? தமிழ்நாடு அரசு முறையிடவே, அவ்விரண்டு மணி நேரத்தை அரசே வகுத்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என நேரம் குறிக்கப்பட்டது. தவறியோர் பலர்மீது பொலிசார் வழக்குத் தொடுத்தனர்.

கொள்ளுக்குடிப்பட்டிக்குத் தீபாவளிதோறும் வனத்துறையினர் வருவதுண்டு. ஊராருக்கு இனிப்பு வழங்கிச் செல்வதற்காக.