கனரக லாரிகளின் பெயர் மதிப்பு: இந்தியச் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கேள்வியும்

மொத்த எடை 16 டன்னுக்கு மேற்பட்ட, இந்தியாவில் ஓடும் சரக்கு லாரிகளை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரு கம்பெனியின் பெயர் லாரிக்காரர்களிடம் நிலைப்பது எதனால் என்பதே கேள்வி. எஞ்சின் சக்தி, தொழில்நுட்பம், விலை என்று மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். இவை வண்டியை விற்க உதவலாம். பெயரை நிலைநிறுத்தப் போதா. புது வண்டி எடுப்பவரைவிட, அதைப் பழைய வண்டியாக வாங்குபவரே ஒரு பெயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறார் என்பது என் வாதம்.

2. மூத்தவர் இருவர்

1945இல் தொடங்கப்பட்ட, டாடா குழுமத்தின் டெல்கோ முதலில் ரயில் எஞ்சின் செய்த நிறுவனம். 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிப்பில் இறங்கியது. அந்த லாரிகளின் முகப்பில் மெர்சிடிஸ் நட்சத்திரம் இருந்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் டாடாவின் சின்னம் வந்தது. வண்டியின் உருவமோ பல ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை.

ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், சென்னையை அடுத்த எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் லேலண்ட் பங்குதாரராகச் சேர்ந்தபின் 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. காமெட்டில் தொடங்கிய அதன் லாரி வரிசையில் பின்னர் பல அச்சு கொண்ட டாரஸ் வந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எந்தக் கம்பெனியின் பத்துச் சக்கர வண்டியையும் டாரஸ் என்றே சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு பெயருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது.

லைசென்ஸ் காலத்தில் இவ்விருவருக்கும் பெரிய போட்டி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரீமியரின் பார்கோ, இந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டு லாரிகளும் ஓடின, பிறகு மறைந்தன. எஞ்சியவர்களில் டாடா நாட்டளவில் முதலிடம் பிடித்தது. எண்ணூர், ஓசூர் ஆலைகள் அருகில் இருந்ததால் தெற்கில் லேலண்ட் வேரூன்றியது.

3. எண்ணே பெயரான கதை

லாரி மாடல்களின் எண் பெரும்பாலும் ஒரே இலக்கணத்தில் அமையும். முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை டன்னில். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180 குதிரைத்திறன். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது: இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னிலிருந்து 18.5, மூன்று அச்சுக்கு 25 டன்னிலிருந்து 28.5, டிரெய்லருக்கு உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55. அதன்பின் 25 என்று தொடங்கிய மாடல்கள் 28 ஆயின. 55இல் தொடங்கும் டிரெய்லர் இழுவை வண்டிகள் வந்தன. காகிதத்தில் இருந்த எடைக்கும் சாலையில் ஏற்றிய எடைக்கும் இருந்த தூரம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

4. பின்னால் வந்தவர்கள்

வால்வோ 1998இல் வந்தது. பெங்களூரு அருகே ஹொசக்கோட்டையில் வண்டி கட்டி, நிலக்கரிச் சுரங்கங்களில் டிப்பராக நல்ல பெயர் எடுத்தது. சாதாரண லோடு வண்டிக்காரருக்கு அதன் விலை எட்டவில்லை. 2008இல் ஐஷருடன் கூட்டுச் சேர்ந்தது. மான் நிறுவனம் பீத்தாம்பூரில் தொழிற்சாலை நடத்தி 2018இல் மூடுவதாக அறிவித்தது. மஹிந்திராவுடன் கூட்டாக வந்த நேவிஸ்டார் தன் பங்கை மஹிந்திராவிடமே விட்டுச் சென்றது. அதே மஹிந்திரா 2016இல் பிளேசோவை இறக்கி, மைலேஜ் கூடுதலாகக் கிடைக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அறிவித்தது. புதியவர் நம்பிக்கை பெற எவ்வளவு தூரம் இறங்கி வர வேண்டியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

டைம்லரின் கதை தனி ரகம். 1954இல் டாடாவுக்குத் தொழில் கற்றுத்தந்த அதே கம்பெனி, 2012இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலை திறந்து பாரத்பென்ஸ் என்ற பெயரில் டாடாவுக்கே போட்டியாக வந்தது. ஐரோப்பிய வண்டியை அப்படியே இறக்காமல் தன் ஆக்ஸர், ஃபூசோ லாரிகளின் அடித்தளங்களை இந்தியச் சாலைக்கும் விலைக்கும் ஏற்றபடி மாற்றியது. அதனால்தான் நிலைத்தது.

5. பழைய வண்டியின் சந்தை

நம் நாட்டில் லாரி பல காலம் முழு வண்டியாக விற்கப்படவில்லை. கம்பெனி தந்தது சேசிஸும் கௌலும் (முன்முகப்புக் கூடு) மட்டுமே. கேபினும் பாடியும் நாமக்கல், சங்ககிரி வட்டாரப் பட்டறைகளில் கட்டப்பட்டன. காஸ் டேங்கர் நாமக்கல்லின் சிறப்பு. போர்வெல் ரிக் திருச்செங்கோட்டின் சிறப்பு. எந்த சேசிஸில் எங்கே துளையிடலாம், எங்கே வெல்டிங் வைத்தால் விரிசல் விடும் என்ற அறிவு இப்பட்டறைகளில் பல தலைமுறையாகச் சேர்ந்தது. புது கம்பெனிக்கு இந்த அறிவு விலைக்குக் கிடைப்பதில்லை.

கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பழைய வண்டி ஒன்றை வாங்கி முதலாளி ஆவது இத்தொழிலின் பழைய பாதை. வங்கிகள் தயங்கிய அந்த ஆளுக்குக் கடன் கொடுத்தே, 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் வளர்ந்தது. பைனான்ஸ்காரர் கடன் தொகையை முடிவு செய்யும்போது பார்ப்பது வண்டியின் மறுவிற்பனை விலையை. மறுவிற்பனை விலையோ ஸ்பேர் கிடைப்பதையும், நெடுஞ்சாலையோர மெக்கானிக்குக்கு அந்த எஞ்சின் தெரிந்திருப்பதையும் பொறுத்தது. எட்டு வருடம் கழித்து வாங்க ஆளில்லாத வண்டியை இன்று புதிதாக எடுக்கவும் ஆள் குறைவு. மைலேஜில் சற்றுப் பின்தங்கிய மாடல்களும் சந்தையில் நீடித்தது இதனால்தான்.

6. பி.எஸ்.6க்குப் பின்

2017இல் பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்க வந்தபோது, போட்டியாளர்கள் பலர் யூரியாக் கரைசல் ஊற்றும் முறைக்குப் போக, அது தேவையில்லாத எஞ்சினை லேலண்ட் கொண்டுவந்தது. அதையே விளம்பரமாகவும் சொன்னது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 அந்த வேறுபாட்டை அழித்துவிட்டது. இன்று வரும் எல்லாப் புது டீசல் லாரியிலும் சென்சார், யூரியா டேங்க், புகை வடிகட்டி உண்டு. ஸ்பேனர் மட்டும் வைத்திருக்கும் மெக்கானிக்கால் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேனர் வேண்டும். 2025 அக்டோபர் முதல் கனரக லாரிக்கு ஏ.சி. கேபினும் கட்டாயம் ஆகியிருப்பதால், கேபின் கட்டும் பட்டறைகளின் வேலையும் சுருங்கும்.

ஆக, மூத்த இருவருக்கும் அரணாக இருந்த சாலையோர அறிவு மதிப்பிழந்து வருகிறது. இனி பெயரைக் காப்பது கம்பெனியின் சர்வீஸ் சென்டர். வண்டி எடுக்கப் போகிறவர்கள் ஷோரூமில் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன், தாங்கள் ஓட்டும் ரூட்டில் அந்தக் கம்பெனிக்கு எங்கெங்கே சர்வீஸ் இருக்கிறது, இரவில் ஆள் வருமா என்று கேட்டுக்கொள்ளட்டும்.