சிரிக்காத முகம்

முப்பது வருடம் பள்ளியில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவன் நான். முகம் வரைய உட்கார்ந்தால் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, "வெளிச்சம் எந்தப் பக்கம்டா?" ஓய்வு பெற்றபின் ஒரு சீன ஓவியத்தின் முழுநீள அச்சுப்பிரதி கைக்கு வந்தது. அதற்கு முன்னால் அந்தக் கேள்வி செல்லவில்லை.

'ஹான் ஷீசாயின் இரவு விருந்து'. பட்டுச் சுருள், உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, நீளம் சுமார் 335 செ.மீ. பத்தாம் நூற்றாண்டு, தென் தாங் அரசு. மன்னன் லீ யூவுக்கு ஹான் ஷீசாயை முதல் மந்திரியாக்க ஆசை. ஆனால் அவர் வீட்டில் ராத்திரியானால் ஆட்டமும் பாட்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. பார்த்துவர கு ஹோங்சோங் என்ற அரண்மனை ஓவியரை அனுப்பினான். வேவு பார்க்கப் போனவர் அங்கே தாளை விரிக்க முடியுமா? கண்ணாலேயே வாங்கிக்கொண்டு வந்து வரைந்தாராம். பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருப்பது பின்னாளில், சோங் காலத்தில் எடுத்த நகல்.

ஒரே சுருளில் ஹான் ஐந்து முறை வருகிறார். கறுப்புத் தொப்பியோடு இசை கேட்கிறார், முரசு கொட்டுகிறார், கை கழுவுகிறார், மார்பு திறந்தபடி விசிறியோடு அமர்ந்திருக்கிறார். ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. அவர் முரசடிக்க ஒரு பெண் ஆடுகிறாள். கூட்டத்தில் ஒரு புத்த பிக்கு, கைகளைக் கோத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் தலைகுனிந்து நிற்கிறார். அந்தச் சங்கடத்தை வெறும் கோட்டில் கொண்டுவந்திருக்கிறார்கள்! இரவு விருந்துதான், ஆனால் இருட்டு கிடையாது. எரிகிற மெழுகுவத்தி ஒன்றைக் காட்டினால் போதும், ராத்திரி என்று அர்த்தம். முகத்தில் நிழல் விழாது, சுவரும் கிடையாது; ஒரு காட்சி முடிவதைத் திரைத்தட்டிதான் சொல்கிறது.

இந்தக் கோட்டுக்கு வயது அதிகம். நான்காம் நூற்றாண்டின் கு கைஷியுடைய கோட்டைப் பட்டுப்புழு நூலோடு ஒப்பிடுவார்கள். ஒருவருடைய படத்தில் கன்னத்தில் மூன்று மயிர் சேர்த்த பிறகுதான் ஆள் தெரிந்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை. உருவத்தை முடித்தும் வருடக்கணக்காகக் கண்மணி வைக்காமல் விட்டுவிடுவாராம். உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. தாங் காலத்து வூ தாவோசி கோட்டைத் தடிக்கவும் மெலியவும் விட்டார். அவர் வரைந்த உடைகள் காற்றில் பறந்தன. சோங் காலத்தில் மலையும் நீரும் மதிப்பில் மேலேறின, மனித உருவம் இரண்டாம் பந்திக்குப் போனது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அப்போதுதான் லியாங் காய், கவிஞர் லீ பாயை நாலைந்து தூரிகை வீச்சில் நடக்கவிட்டார்.

ஹான் கடைசிவரை முதல் மந்திரியாகவில்லை, 970இல் இறந்தார். பதவியைத் தவிர்க்கத்தான் அத்தனை கூத்தும் என்பார்கள். 975இல் அந்த அரசே சோங் படையிடம் விழுந்தது.

அவர் முகத்தை ஷேடிங் இல்லாமல் பலமுறை வரைந்து பார்த்துவிட்டேன். தாடி வந்துவிடுகிறது. கண் வரவில்லை.