டோஸ்ட்மாஸ்டர்ஸ்: ஆள் போனாலும் மூடாத கடை

கேம்பஸ் இண்டர்வியூ சீசன் வந்தால் பி.காம் படிக்கிற எங்களில் பாதிப் பேருக்குத் தொண்டை வறண்டுவிடும். பேலன்ஸ் ஷீட்டை எப்படியோ டாலி ஆக்கிவிடுவோம். அதையே எழுந்து நின்று விளக்கச் சொன்னால் வார்த்தை வராது. நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்தக் கதையில் பிறந்ததுதான் வாராவாரம் கூடிப் பேசிப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம். பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், சில கம்பெனிகளில் உள்ளேயே நடத்துகிறார்கள். ஆனால் அது பல ஊரில் தோற்றுப்போய், அதன் பிறகு நிலைத்தது என்பது பலருக்குத் தெரியாது.

ரால்ப் ஸ்மெட்லி என்று ஒருவர். 1903-இல் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, இல்லினாய் மாநிலத்தில் புளூமிங்டன் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வரும் இளைஞர்களுக்குக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசவும் தெரியவில்லை, ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும் தெரியவில்லை என்பதைக் கவனித்தார். 1905 மார்ச்சில் ஒரு குழுவைத் தொடங்கினார். விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகம் செய்து வைப்பவருக்கு அந்தக் காலத்தில் டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர். வகுப்பு என்று சொன்னால் யார் வருவார்கள்? அதனால் விருந்து வாசனை அடிக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். (நம் ஆட்களாக இருந்தால் 'சொற்பொழிவுப் பயிற்சிப் பட்டறை' என்று போர்டு மாட்டி, வருகிறவனையும் துரத்தியிருப்போம்!)

மன்றம் நன்றாக ஓடியது. பிறகு ஸ்மெட்லிக்கு வேறு ஊரில் வேலை. ஃபிரீபோர்ட், ராக் ஐலண்ட், சான் ஹோஸே என்று போன இடமெல்லாம் ஒரு மன்றம் தொடங்கினார். அவர் ஊரை விட்டுக் கிளம்பியதும் அது சோர்ந்து படுத்துவிடும். இது ஸ்மெட்லிக்கு இருக்கும் ஒரு தனிக் கிறுக்கு என்றே கூடவேலை பார்த்தவர்கள் நினைத்தார்களாம்.

காமர்ஸ் மாணவனுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். பார்ட்னர்ஷிப் சட்டம் 42-ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் ஃபர்ம் கலைந்துவிடும். கம்பெனி அப்படி இல்லை, ஆட்கள் மாறினாலும் அது மாறாது. ஸ்மெட்லியின் மன்றங்கள் ஒரே ஆளை நம்பிய கடைகளாக இருந்தன.

அதே காலத்தில் அதே ஒய்.எம்.சி.ஏ.வில் இன்னொருவரும் இருந்தார். டேல் கார்னகி! 1912-இல் நியூயார்க் 125-ஆவது தெரு ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு எடுக்கப் போனார். இரவுக்கு 2 டாலர் சம்பளம் கேட்டார். அவ்வளவு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, வசூலில் பங்கு கொடுங்கள் என்றார். கூட்டம் சேர்ந்ததும் அந்தப் பங்கே ஒரு இரவுக்கு 30 டாலர் வரை போனது. கார்னகியின் வழி வியாபாரம்: ஆசிரியர் இருப்பார், கட்டணம் இருக்கும், பாடம் இருக்கும். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பணம் கட்ட முடியாதவனுக்கு அங்கே இடம் எங்கே?

ஸ்மெட்லி 1922-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவுக்கு வந்தார். 1924 அக்டோபர் 22, ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தின் அடித்தளத்தில் மறுபடியும் ஒரு கூட்டம். அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு வேறு. மது இல்லாத டோஸ்ட்! இந்த மன்றம்தான் நிலைத்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டுத் தாங்களும் தொடங்கினார்கள். எப்படி நடத்துவது என்று கேட்டவர்களுக்காக ஸ்மெட்லி கையேடு எழுதினார். 1930-இல் மன்றங்கள் ஒரு கூட்டமைப்பாயின. 1932-இல் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவு செய்தார்கள். (நம் பார்ட்னர்ஷிப் சட்டமும் அதே 1932தான், பரீட்சைக்கு ஞாபகம் வைக்க வசதி.)

பதிவு செய்தது மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். அந்த வாராந்திரக் கூட்டம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். அங்கே வாத்தியாரே கிடையாது. இந்த வாரம் கூட்டத்தை நடத்துகிறவர் அடுத்த வாரம் கடிகாரம் பார்ப்பார். பொதுவாகத் தயாரித்த பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம்: 5-இல் பச்சை விளக்கு, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. 'ஆ... ம்...' என்று இழுப்பதை எண்ணிக் குறித்துக்கொள்ள ஒருவர், மொழியைக் கவனிக்க ஒருவர். திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்லும் சுற்றும் உண்டு. அதுதான் வயிற்றைக் கலக்கும் பகுதி.

எல்லாவற்றையும் விட முக்கியம், பேசியவரை மதிப்பிடுவதும் சக உறுப்பினர்தான். இரண்டு மூன்று நிமிடத்தில், எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதுவும் ஒரு பேச்சுதான், அதையும் இன்னொருவர் மதிப்பிடுவார்! நம் கல்லூரிகளில் செமினார் முடிந்ததும் கைதட்டுவோம், அல்லது கிண்டல் செய்வோம். நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே எல்லோரும் எல்லா வேலையும் கற்றுக்கொண்டதால் ஸ்மெட்லி இல்லாமலே வண்டி ஓடியது. 1965-இல் அவர் இறந்தார். மன்றம் இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு உலகம் முழுக்க இருக்கிறது.

இதோடு நிறுத்தினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். எல்லோருக்கும் பேச்சு என்ற இந்த மன்றத்தில் அப்போது பெண்களுக்கு இடமில்லாமல் இருந்தது. 1938-இல் எர்னஸ்டீன் வைட் என்பவர் பெண்களுக்காக டோஸ்ட்மிஸ்ட்ரஸ் என்ற தனி அமைப்பையே தொடங்க வேண்டியிருந்தது. ஆண்கள் மட்டும் என்ற விதியோ பல வருடம் அப்படியே கிடந்தது. ஆள் மாறினாலும் மாறாத அமைப்பில் இப்படி ஒரு ஆபத்தும் இருக்கிறது, தவறான விதியும் சேர்ந்தே உயிரோடு இருக்கும்.

1970-இல் ஹெலன் பிளான்சர்ட் என்ற பெண் கலிபோர்னியாவில் ஒரு மன்றத்தில் சேர்ந்தார். தலைமையகம் நிராகரித்துவிடக் கூடாது என்று படிவத்தில் 'ஹோமர்' பிளான்சர்ட் என்று ஆண் பெயரில் பதிந்தார்கள். வாராவாரம் அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கு அவர் யார் என்று நன்றாகவே தெரியும், காகிதத்தில் மட்டும் ஹோமர். 1973-இல் விதி திருத்தப்பட்டுப் பெண்களும் உறுப்பினராகலாம் என்றானது. சாண்டா அனா கூட்டம் நடந்து 49 வருடம் கழித்து. 1985-இல் ஹெலன் பிளான்சர்ட் அந்த அமைப்பின் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார்.