கிணற்றடியும் வேதவாசகமும்: யாழ்ப்பாணத்தில் ஒரு சுவிசேஷப் பகுதியின் சமூக வரலாறு

சமயநூலொன்றின் கருத்து அந்நூலினுள்ளேயே முற்றுப்பெற்றுக் கிடப்பதன்று. அதனை யார், எங்கு, எத்தகைய வாழ்நிலையில் நின்று வாசிக்கின்றனர் என்பதும் அக்கருத்தின் ஒரு கூறாகும். இலக்கிய ஆய்வில் ஏற்கப்பட்டுவிட்ட இவ்வுண்மையை ஈழத்துக் கிறிஸ்தவத்தின் வரலாற்றோடு பொருத்தி நோக்கும் முயற்சி போதிய அளவு நடைபெறவில்லை. வேதத்தை அன்றாட வாழ்வுக்குப் பிரயோகித்துக் காட்டுவது பிரசங்கியாரின் தொழில், ஆய்வாளரின் தொழிலன்று என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணமாகலாம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒரேயொரு பகுதியை: யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்திலே கிணற்றடியில் நிகழும் சமாரியப் பெண்ணின் கதை. நாம் நோக்கும் நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. அதனுள்ளும் கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் புகையிரதப் பாதையும் கூடுமிடமான கொடிகாமமும் அதனைச் சூழ்ந்த தென்மராட்சியும்.

கதை பலரும் அறிந்தது. வழிநடந்து களைத்த இயேசு மத்தியான வேளையிற் கிணற்றடியில் அமர்ந்திருக்கிறார். தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் திகைக்கிறாள். யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை. இந்த விலக்கைச் சொல்லுமிடத்தில், இன்றும் பரவலாக வாசிக்கப்படும் பழைய புரட்டஸ்தாந்தத் தமிழ் மொழிபெயர்ப்பு 'சம்பந்தம்' என்னுஞ் சொல்லை ஆள்கின்றது. கொள்வினை, கொடுப்பினை ஆகியவற்றை உணர்த்தும் சொல் அது. மொழிபெயர்த்தோர் அறிந்து செய்தாராயினும் அறியாது செய்தாராயினும், பலஸ்தீனத்துப் பகைமையொன்று அச்சொல்லினூடாகத் தமிழ்ச் சாதியமைப்பின் மொழிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. தமிழ் வாசகனுக்கு அதன் பின்னர் விளக்கவுரை வேண்டியதில்லை.

இக்கதையில் மனங்கொள்ளத்தக்க வேறொன்றுமுண்டு. உயர்ந்தோன் எனத் தன்னைக் கருதும் இனத்தைச் சேர்ந்தவன் தாழ்ந்தோர்க்குத் தண்ணீர் வார்ப்பதாக இங்கு வரவில்லை. அவன்தான் கேட்கிறான், அவள் கையாலும் அவள் பாத்திரத்தாலும் குடிக்க ஆயத்தமாயிருக்கிறான். தண்ணீரைக் கொடுப்பதற்குத் தருமசிந்தை போதும். தாழ்ந்தவர் எனப்பட்டோர் கையால் வாங்கிக் குடிப்பதற்கோ சாதியொழுக்கத்தின் அத்திவாரத்தையே பெயர்க்க வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே பின்வரும் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணக்கற் பாறையினூடே கசிந்து தேங்கிய மழைநீரே நல்ல தண்ணீர். அதனை மனிதன் அடைவது கிணற்றின் வழியாகத்தான். கிணறோ காணியில் உள்ளது. காணி யாருடையதோ அவருடையதே தண்ணீர். யாழ்ப்பாணத்துக் காணியுறுதிகள் நிலத்தின் எல்லைகளை மட்டுமன்றிக் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் உரிமையையும் வரையறுத்து எழுதப்படுவன. தண்ணீர் இங்கே பங்கிடப்பட்ட, விற்கவும் சீதனமாகக் கொடுக்கவும் கூடிய சொத்து. நிலமற்ற சாதியினர் கிணறற்ற சாதியினராகவும் இருந்தமை இதனால் நேர்ந்ததேயன்றித் தற்செயலானதன்று.

தோட்டச் செய்கையின் உழைப்பமைப்பை நோக்கும்போது இம்முரண்பாடு இன்னுங் கூர்மையாகத் தெரிகின்றது. புகையிலைத் தோட்டத்துக்கு நாள் முழுதும் நீரிறைக்க வேண்டும். துலாவில் ஏறி மிதித்தவரும், கிணற்றடியில் நின்று பட்டை பிடித்தவரும், வாய்க்காலிலே தண்ணீர் மாறியவரும் பெரும்பாலும் அடிமை குடிமை முறைக்குட்பட்ட மக்களே. 1707இற் தொகுக்கப்பட்ட தேசவழமை அவர்களுட் பலரை உடைமையாகவே கணித்தது. 1844இலேதான் அடிமைமுறை சட்டத்தினால் முற்றாக நீக்கப்பட்டது. காலை தொடக்கம் மாலைவரை அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீரை அள்ளி ஊற்றிய அதே மனிதன், தன் வீட்டுப் பானைக்குத் தண்ணீர் வேண்டுமாயின் கிணற்றுக்கு எட்ட நின்று, யாராவது அள்ளி வார்க்கும்வரை காத்திருந்தான். பயிருக்காக அவன் தொட்ட தண்ணீர் தீட்டாகவில்லை. அவன் குடிப்பதற்காகத் தொட்டாற்றான் தீட்டு. தீட்டு என்னும் கருத்துநிலை எந்த வர்க்கத்தின் நலனைக் காத்து நின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா? காத்து நின்றவர்களுட் பெண்களே அதிகம் என்பதையும் குறிப்பிடல் தகும். கிணற்றடி அவமதிப்பு நாள்தோறும் அவர்கள் மீதே விழுந்தது. சுவிசேஷக் கதையிற் குடத்தோடு வருபவளும் ஒரு பெண்தான்.

இத்தகைய நிலத்திற்கே வேதாகமம் வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1672இல் வெளிவந்த பால்டேயஸ் பாதிரியாரின் நூல் தென்மராட்சியிற் கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள் முதலாய இடங்களிலிருந்த கோயில்களைக் குறிப்பிடுகின்றது; இவை மூன்றும் கொடிகாமத்தைச் சூழ்ந்த ஊர்கள். ஆனால் ஒல்லாந்தராட்சியில் ஞானஸ்நானம் என்பது தோம்பிற் பெயர் பதியவும் திருமணம் செல்லுபடியாகவும் வேண்டப்பட்ட ஒரு நிர்வாகச் சடங்காகவே பெரிதும் இருந்தது. பாடசாலைக்கு வராதோர் தண்டப்பணம் கட்டினர். ஆட்சி மாறியதும் மக்கள் திரளாக விலகிச் சென்றமை வியப்பன்று. குடியானவனின் கிணற்றை அந்த வேதம் எட்டிப் பார்க்கவேயில்லை.

1816இல் வந்த அமெரிக்க மிஷனாரின் நிலை வேறு. அவர்கள் அச்சகம், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று; 1830களில் மிஷன் தென்மராட்சியிற் கால்பதித்துச் சாவகச்சேரியையும் கொடிகாமத்துக்கு வடக்கேயுள்ள வரணியையும் தன் நிலையங்களாக்கிக் கொண்டது; 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. இவர்களும் முதலிற் சந்தித்த தடை வேதாந்த விவாதமன்று, சோறும் தண்ணீருமே. விடுதிப் பிள்ளைகள் மிஷன் வளவிற் சமைத்ததை உண்ண மறுத்தனர். வளவுக் கிணற்றுத் தண்ணீரைக் குடியோம் என்றவர்கள், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின்னரே அதற்கு இணங்கினார்கள் என மிஷன் நினைவுநூல்கள் பேசுகின்றன. மிஷனார் கொள்கையளவிற் சாதியை மறுத்தவர்களே. ஆயினும் சமையலறை விடயத்தில் விட்டுக்கொடுத்தனர். உயர்சாதிப் பிள்ளைகள் வராவிட்டாற் பாடசாலையே இல்லை என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. இதனை வஞ்சகம் என்று சொல்லிவிடுதல் எளிது. கல்வியின் மூலம் மேலிருந்து கீழ்நோக்கிச் சமூகம் மாறும் என்ற தாராண்மைவாத நம்பிக்கையின் எல்லை அது என்பதே சரியான மதிப்பீடாகும்.

எல்லையை மீற முயன்றவர்களும் இல்லாமலில்லை. பீற்றர் பேர்சிவல் தலைமையில் வெஸ்லியன் மிஷன் நடத்திய யாழ்ப்பாணப் பாடசாலையில் 1847இல் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவனொருவன் சேர்க்கப்பட்டபோது உயர்சாதி மாணவர் வெளியேறினர். பேர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்த ஆறுமுக நாவலர் மறுவருடம் மிஷனிலிருந்து விலகிச் சைவப் பிரகாசப் பாடசாலையைத் தொடங்கினார். மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஒரே காலப்பகுதியில் ஒரே பாடசாலையைச் சூழ்ந்து, வேதத்தைத் தமிழாக்கும் வேலையும் வேதத்தின்படி ஒரு பிள்ளையை வாங்கிலே இருத்தும் வேலையும் நடந்தன. முன்னையது நமது உரைநடை வரலாற்றிற் பெருமையோடு பேசப்படுகின்றது. பின்னையதைப் பேசுவோர் சிலரே.

தமிழகத்திலும் நிலைமை இதுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவிஞரே 1820களிற் சாதி வழக்கத்தை ஒழிக்க முற்பட்ட மிஷனாரை எதிர்த்து எழுதினார். 1833இற் பேராயர் டானியேல் வில்சன் திருச்சபையினுள்ளே சாதி கூடாதெனச் சுற்றறிக்கை விடுத்தபோது பலர் சபையையே விட்டகன்றனர். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இலேதான் இடிக்கப்பட்டது. நற்கருணைப் பாத்திரத்தை யார் முதலில் வாயில் வைப்பது என்ற சச்சரவு, சமாரியப் பெண்ணின் குடத்தைப் பற்றிய சச்சரவின் மறுவடிவமேயாகும்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. நான்காம் அதிகாரம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டே வந்தது. வாசித்தவரும் கேட்டவரும் கிணற்றைப் பற்றி ஏன் சிந்திக்கவில்லை? விடை வியாக்கியான மரபில் உள்ளது. கதையின் பிற்பகுதியில் இயேசு நித்தியமான தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். மரபான வியாக்கியானம் அந்த ஆன்மிகத் தண்ணீரைப் பற்றிக்கொண்டு முன்பகுதியின் கிணற்றை வெறும் முகவுரையாக்கிவிட்டது. பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய உபதேசம் மிகுதி நேரத்தை நிரப்பிற்று. கிணறு உருவகமாகியதும் ஊர்க் கிணறு கண்ணுக்கு மறைந்தது. உருவகம் எப்பொழுதும் ஆழமானது, நேர்ப்பொருள் மேலோட்டமானது என்று நம் இலக்கிய வகுப்புகளிலுங் கற்பிக்கிறோம். சில வேளைகளில் நேர்ப்பொருளே அபாயகரமானது.

நேர்ப்பொருளை மீட்டவர்கள் போதகர்களல்லர். மிஷன் பாடசாலையில் எழுத்தறிந்து, பின்பு அந்தப் பாடசாலை காட்டிய எல்லைக்கு அப்பாற் சென்றவர்களே. 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப்பட்டது. கிறிஸ்தவரான ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிராயிருந்தார். அவ்வமைப்புச் சைவரும் கிறிஸ்தவரும் எல்லாச் சாதியினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதைத் தன் மாநாடுகளின் நடைமுறையாக்கிற்று. சாதிமான்களின் வீட்டுப் பிள்ளைகள் பிறர் சமைத்ததை வாங்கி உண்டனர் என்பதே அதன் புரட்சி. 1927இல் யோவேல் போல் முதலானோர் முன்னின்ற ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம், பிறர் பேசக் காத்திராது அம்மக்களே பேசத் தொடங்கியமைக்கு அடையாளம். வேதாகமப் பெயர் தாங்கிய ஒருவர் அதன் முன்னணியில் நின்றமை பெயரளவுச் செய்தியன்று. உதவிபெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கவேண்டுமென்று 1929இல் அரசு பணித்ததும், அதனையொட்டிப் பாடசாலைகள் சில எரியூட்டப்பட்டன. வாங்கிலே இருப்பதற்கே இவ்வளவு எதிர்ப்பெனிற் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

மதத்தைப் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதியதில் அபினியை மட்டும் நினைவிற் கொள்வது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அதே பந்தியில் மதத்தை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் அவர் கண்டார். யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டும் ஒரே கோயிலின் இரு வாசல்களாயிருந்தன. இதனை மிக நுட்பமாக உணர்ந்தவர் கே. டானியல் (1927-1986). பொதுவுடைமை இயக்கத்தவரான அவர் பஞ்சமர் வாழ்வைப் பற்றி எழுதிய நாவல்களில் 'கானல்' மதமாற்றத்தை எடுத்துக்கொள்கின்றது. சாதியிலிருந்து விடுதலை தரும் எனத் தொலைவிலே தோன்றியது, அருகிற் சென்றபோது தண்ணீராயிருக்கவில்லை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகின்றது. அவரது இன்னொரு நாவலின் பெயர் 'தண்ணீர்'. இவ்விரு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போமாயின், யோவான் நான்காம் அதிகாரத்துக்கு ஈழத்தில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வியாக்கியானம் நாத்திகரொருவர் எழுதியதோ என்று எண்ணத் தோன்றுகின்றது. டொமினிக் ஜீவாவின் பரிசுபெற்ற சிறுகதைத் தொகுதியின் பெயரும் 'தண்ணீரும் கண்ணீரும்' என்பதே.

1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் ஏட்டிலிருக்க, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி 1966 ஒக்டோபர் 21இல் நிகழ்ந்த ஊர்வலத்தோடு தேநீர்க்கடைகளையும் ஆலயங்களையும் திறப்பிக்கும் போராட்டம் எழுந்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. தென்மராட்சியில் மட்டுவிற் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலும் போராட்டக் களமாயிற்று. வெகுசனப் போராட்டத்திற் கடையின் மூக்குப்பேணி பொதுவாயிற்று. கோயிற் கதவு திறந்தது. ஆனாற் கடையும் கோயிலும் பொதுவிடங்கள். வீட்டுக் கிணறு தனியுடைமை. சட்டத்தின் கை அதன் வேலியோடு நின்றுவிட்டது.

அவ்வேலிகளைப் பின்னர் யுத்தம் சோதித்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு தொடங்கி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தனர். சாவகச்சேரி முதற் கொடிகாமத்துக்கு அப்பாலும் பாடசாலைகள், கோயில்கள், தேவாலயங்கள், மாமரத்து நிழல்கள் யாவும் குடியிருப்புகளாயின. 1996 ஏப்பிரிலில் இராணுவம் தென்மராட்சியைக் கைப்பற்ற, பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். 2000இல் தென்மராட்சியே போர்க்களமாகி அதன் மக்களும் இடம்பெயர்ந்தனர். 2009இன் பின் வன்னியிலிருந்து கொண்டுவரப்பட்டோருள் ஒரு பகுதியினர் கொடிகாமம் இராமாவில் முகாமில் வைக்கப்பட்டனர். இடப்பெயர்வு சாதியை அழித்துவிட்டது எனச் சிலர் அவசரப்பட்டு எழுதினர். வலிகாமத்து மல்லாகம் முகாம்களைப் பற்றி ரி. சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று: ஆண்டுக்கணக்காக முகாமிலேயே தங்கிப்போனவர்கள் பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர், அயற் கிணறுகளில் அவர்கள் தண்ணீரெடுப்பது பிரச்சினையாகவே நீடித்தது.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. எவனைத் தன்னைப்போல் நேசிக்கவேண்டுமென்று வேதம் விதிக்கின்றதோ அவனைப் பழைய தமிழ் வேதாகமம் 'பிறன்' என்றது. பிறன் எங்கும் இருக்கலாம், எட்டவும் நிற்கலாம். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து ஆக்கிய பொது மொழிபெயர்ப்பு அச்சொல்லைக் கைவிட்டு 'அடுத்திருப்பவர்' என மாற்றிற்று. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அவரை அயலட்டைச் சனம் என்போம். அம்மொழிபெயர்ப்பு வெளிவந்த ஆண்டு 1995. அவ்வாண்டின் கடைசி மாதங்களிற் கொடிகாமத்திலும் வரணியிலும் கச்சாயிலும் ஒவ்வொரு வளவின் படலையடியிலும் வெறும் வாளியோடு முன்பின் தெரியாத மனிதர் நின்றனர். வீட்டுக்காரர் முதலிற் கேட்டது எந்த ஊர் என்பதையே. ஊரைக் கேட்பது எதனை அறிவதற்காக என்பதை யாழ்ப்பாணத்தார் எவரும் அறிவர்.