வானத்துத் தீர்ப்பு – அத்தியாயம் 9: வியாழன் கையெழுத்து, வெள்ளி ஏவுகணை

2009 ஜனவரி 22, வியாழக்கிழமை. பராக் ஒபாமா அதிபராகி இரண்டே நாள். வெள்ளை மாளிகையில் அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ராணுவத் தளபதிகள் வரிசையாக நின்றார்கள். குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூட வேண்டும் என்ற ஆணையில் கையெழுத்திட்டார். சிஐஏவின் ரகசியச் சிறைகளுக்கும் அன்றே முற்றுப்புள்ளி. கைதியைப் பலகையில் கட்டி, முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றிய கொடுமையைச் சென்ற வாரம் பார்த்தோமே, அதற்கும்தான். உலகமே பெருமூச்சு விட்டது. விட்டதில் தவறில்லை. அந்தக் கையெழுத்து உண்மையானது, பெரியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில் ஜிராக்கி என்ற கிராமம். விருந்தினர் கூடியிருந்த ஒரு வீட்டின்மேல் ஆளில்லா விமானத்திலிருந்து ஏவுகணை விழுந்தது. பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒரு கண்ணையும் தன் மாமன்மாரையும் இழந்தான். அதே நாளில் தெற்கு வசீரிஸ்தானில் இன்னொரு வீடு. அது பயங்கரவாதியின் வீடே இல்லை. அரசாங்கத்துக்கு ஆதரவாக நின்ற ஒரு பழங்குடித் தலைவரின் வீடு. அவரும் குடும்பத்தினரும் செத்தார்கள்.

தவறு நடந்துவிட்டது என்ற செய்தி அதிபருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஜார்ஜ் புஷ் தம் எட்டு ஆண்டுகளில் பாகிஸ்தானில் நடத்திய இத்தகைய தாக்குதல்கள் ஏறக்குறைய 50. ஒபாமாவின் ஆட்சியில் 2010ஆம் ஆண்டில் மட்டும் 100க்கு மேல்!

ஏன்? சித்திரவதையை வெறுத்த, அரசியல் சட்டம் பாடம் நடத்திய ஒருவர் ஏன் இந்தப் பாதையில் போனார்?

வெள்ளை மாளிகையின் தரப்பையும் கேட்டுவிடுவோம். வசீரிஸ்தான் மலைகளில் போலீஸ் கிடையாது, கைது செய்ய ஆளில்லை. படையை இறக்கினால் இன்னும் அதிகம் பேர் சாவார்கள். குறிவைத்து அடிப்பதுதான் குறைந்த சேதம். இந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. அல் கொய்தாவின் நடுமட்டத் தலைவர்கள் பலர் அந்த மலைகளில் வரிசையாக விழுந்ததும் உண்மை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருந்தது. உயிரோடு பிடித்தால் எங்கே வைப்பது? குவாண்டனாமோ கைதிகளுக்கு நீதிமன்றத்தை அணுகும் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008 ஜூனிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்தச் சிறையை மூடுவதற்கான பணத்தைத் தர மாட்டோம் என்று 2009 மே மாதம் செனட் 90க்கு 6 என வாக்களித்தது. ஒபாமாவின் சொந்தக் கட்சிக்காரர்களே பெரும்பாலும் எதிர்த்தார்கள். பிடித்து வைக்கப்பட்டவனுக்கு வழக்கறிஞர் வருவார், நீதிபதி கேள்வி கேட்பார். கொல்லப்பட்டவனுக்காக யாரும் வர மாட்டார்கள். இந்த வேறுபாடுதான் அந்த எட்டாண்டுக் கொள்கையின் மையம் என்பது என் தீர்மானம்.

சிறை மூடப்படவேயில்லை. ஒபாமா விடைபெறும்போதும் அங்கே 41 பேர் இருந்தார்கள்.

யாரைக் கொல்வது என்று எப்படி முடிவானது? பாதுகாப்பு அதிகாரிகள் காணொளி வழியே கூடுவார்கள். சந்தேக நபர்களின் படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் திரையில் ஓடும். தேறிய பெயர்கள் அதிபரின் பயங்கரவாத எதிர்ப்பு ஆலோசகர் ஜான் பிரென்னன் வழியாக அவர் மேஜைக்கு வரும். சிஐஏவில் 25 ஆண்டுகள் இருந்தவர் பிரென்னன். பெயர் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு. பெயரே தெரியாமல், நடமாட்டத்தையும் பழக்கத்தையும் மட்டும் வைத்துச் சிஐஏ அடித்த தாக்குதல்கள் தனி.

அப்படி ஒன்று 2011 மார்ச் 17 அன்று வடக்கு வசீரிஸ்தானின் தத்தா கேலில் நடந்தது. குரோமைட் சுரங்கத் தகராறு ஒன்றைத் தீர்க்கப் பழங்குடிப் பெரியவர்கள் பஞ்சாயத்து கூடியிருந்தார்கள். பாகிஸ்தான் பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் கணக்கிட்டபடி 40 பேர் அளவில் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பொதுமக்கள். மூன்று மாதம் கழித்து, ஜூன் மாதத்தில் பிரென்னன் மேடையேறிச் சொன்னார்: ஏறத்தாழ ஓராண்டாக ஒரு அப்பாவிகூடச் சாகவில்லை.

எப்படிச் சொல்ல முடிந்தது? தாக்குதல் இடத்தில் இருந்த, ஆயுதம் ஏந்தும் வயதுள்ள ஆண்களையெல்லாம் போராளிகள் என்றே கணக்கில் சேர்த்தார்கள் என்று 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அப்பாவி என்று பின்னர் நிரூபணமானால் திருத்துவார்களாம். செத்தவனுக்காக வசீரிஸ்தானில் யார் போய் நிரூபிப்பது?

2016 ஜூலையில் அரசே கணக்கை வெளியிட்டது. 2015 முடிய, ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா போர்க்களங்களுக்கு வெளியே 473 தாக்குதல்கள். இறந்த பொதுமக்கள் 64 முதல் 116 வரை. லண்டனின் புலனாய்வு இதழியல் பணியகம் சொன்ன எண்ணிக்கையோ 380 முதல் 801 வரை. இந்த இடைவெளிக்குள் இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு அரசு பெயரும் தரவில்லை, விளக்கமும் தரவில்லை.

இதுவரை கொலைப் பட்டியலில் இருந்தவர்கள் அந்நிய நாட்டவர்கள். கொஞ்சம் பின்னோக்கி, 2009 கிறிஸ்துமஸ் நாளுக்குப் போவோம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து டெட்ராய்ட்டில் இறங்கிக்கொண்டிருந்த விமானம். உள்ளே கிட்டத்தட்ட 290 பேர். 23 வயது நைஜீரிய இளைஞன் உள்ளாடையில் மறைத்திருந்த குண்டை வெடிக்கவைக்க முயன்றான். தீ பற்றியது, குண்டு வெடிக்கவில்லை. பயணிகள் பாய்ந்து அமுக்கினார்கள்.

விசாரணையில் அவன் சொன்ன பெயர் அன்வர் அல்-அவ்லாகி. யேமனில் பதுங்கியிருந்த மதப் பிரசாரகர். பிறந்தது 1971இல், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன்.

2010 ஏப்ரலில் செய்தி கசிந்தது: அவர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. குற்றப் பத்திரிகை இல்லை. வழக்கும் இல்லை.

அவ்லாகியின் தந்தை நாசர், யேமனின் முன்னாள் வேளாண் அமைச்சர், அமெரிக்காவில் படித்தவர். அந்த ஆகஸ்டில் அவர் வாஷிங்டன் நீதிமன்றத்தில் அதிபர் மீதே வழக்குத் தொடுத்தார். விசாரணையின்றி என் மகனைக் கொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டா?

வழக்கு நீதிபதி ஜான் பேட்ஸ் முன் வந்தது. குடிமகனின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கவே நீதிமன்ற அனுமதி வேண்டுமே, உயிரை எடுக்க வேண்டாமா என்ற கேள்வி அவர் மனத்திலும் இருந்தது. 2010 டிசம்பர் 7 அன்று அவர் தீர்ப்பை வழங்கியபோது என்ன ஆனது?

(அடுத்த வாரம்)